வெப்பம் எங்கே, செலவு அங்கே: வீட்டில் ஆற்றலையும் உமிழ்வையும் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டுவிட்டுப் போனால் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் திட்டு விழும். திட்டுபவன் நான்தான். அதே வீட்டில் குளியலறை ஹீட்டரைக் காலையில் போட்டால் சாயங்காலம் வரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு செல்போனைத் தினமும் முழுதாகச் சார்ஜ் செய்தாலும் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 10 யூனிட்டைத் தாண்டாது. வீட்டில் எல்லாரும் குளிக்க 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்றினால் அன்றைக்கு மட்டும் மூன்றரை யூனிட் காலி. மூன்று நாள் குளியலுக்கு ஓராண்டு போன் சார்ஜ் சரியாகப் போயிற்று.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி இதுதான்: எது சூடாக்குகிறதோ, எது குளிர்விக்கிறதோ, அதை முதலில் பார். வெளிச்சம், சத்தம், படம் தரும் சாதனங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன.

முதல் படி: எதையும் வாங்கும் முன் மீட்டரைப் படியுங்கள்

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாதனம் 10 மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். இது தெரிந்தால் போதும், மீதியெல்லாம் பெருக்கல் கணக்கு.

ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு இரவு படுக்கும் முன் ஒரு முறை, காலையில் எழுந்ததும் ஒரு முறை. எல்லாரும் தூங்கும்போது வீடு எவ்வளவு இழுக்கிறது என்பது அந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் தெரிந்துவிடும். பலருக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். ஆள் தூங்கினாலும் வீடு தூங்குவதில்லை.

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு 3,200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் 16 முறை சிமிட்டினால், 16-ஐ 60-ஆல் பெருக்கி 3,200-ஆல் வகுத்தால் 0.3 வரும். அந்த நேரத்தில் வீடு 300 வாட் இழுக்கிறது என்று அர்த்தம். இப்போது ஒவ்வொரு சாதனமாக அணைத்து, சிமிட்டல் எவ்வளவு குறைகிறது என்று எண்ணுங்கள். எந்தக் கருவியும் வாங்காமல் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆய்வுக்கூடம் கிடைத்துவிடும். பிளக்கில் செருகி அளக்கும் சின்ன வாட் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் இன்னும் வசதி.

எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிய பிறகும் விளக்கு விடாமல் சிமிட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது வேறு யாருடைய லைனோ உங்கள் மீட்டரில் ஓடலாம். இதில் சேமிப்பைவிடப் பாதுகாப்புதான் முக்கியம்.

இரண்டாம் படி: யூனிட்டைக் கார்பனாக மாற்றிப் பாருங்கள்

எல்லா யூனிட்டும் ஒரே மாதிரி அழுக்கு இல்லை. பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளுக்கிடையேயான குழு 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆலையைக் கட்டுவது முதல் எரிபொருள் தோண்டுவது வரை எல்லாம் சேர்த்து, நிலக்கரியில் செய்த ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நடுமதிப்பாக 820 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு. இயற்கை எரிவாயு என்றால் 490 கிராம். சூரியத் தகடு 50 கிராமுக்குள், காற்றாலை 12 கிராமுக்குள்.

உங்கள் ஊர் மின்சாரம் பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு யூனிட் சேமிப்பதன் எடை தெரிந்துவிடும். சூரிய மின்சாரம் நிறைய உள்ள இடங்களில் நேரமும் முக்கியம். நடுப்பகலில் எடுக்கும் யூனிட் சுத்தமாக இருக்கும். எல்லாரும் வீடு திரும்பி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போடும் சாயங்கால யூனிட் பெரும்பாலும் அப்படி இருக்காது. துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது, வெந்நீர் போடுவது என்று தள்ளிப்போட முடிந்த வேலைகளை அங்கே பகலுக்கு மாற்றினால், ஒரு யூனிட்கூடக் குறையாமலேயே உமிழ்வு குறையும்.

மூன்றாம் படி: வெந்நீர்

தண்ணீரைச் சூடாக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான ஆற்றலில், அதே தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம்! இன்னொரு விதமாகச் சொன்னால், 1,000 லிட்டரை 10 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற, மோட்டாரின் இழப்பையும் சேர்த்து 0.1 யூனிட் அளவில் முடிந்துவிடும். அதே 1,000 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற 35 யூனிட் வேண்டும். மோட்டார் போட்டால் கரண்ட் போகுது என்று பதறுகிறவர்கள் ஹீட்டர் சுவிட்சைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

தொட்டியோடு உள்ள ஹீட்டர் என்றால் முதல் வேலை, அதை நாள் முழுக்க ஓடவிடாமல் இருப்பது. தண்ணீர் ஆற ஆற அது திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். "அணைத்துப் போட்டால்தான் கூடச் செலவாகும், அப்படியே விட்டுவிடு" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. தொட்டி எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரமும் வெப்பம் வெளியே கசிகிறது. தேவைக்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் அணைப்பதுதான் எப்போதும் லாபம். மறதிக்காரர்களுக்கு ஒரு டைமர் சுவிட்ச் போதும்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் வீண். அதற்குக் கீழே வெகுநாள் வைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நிமோனியா தரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர இடம் கிடைக்கும். குழாயில் விழும் தண்ணீர் தோலைச் சுடும் அளவு இருக்கும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் முதலில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்து பிறகு வெந்நீரைக் கலக்கும் பழக்கம் நல்லது.

அப்புறம் ஷவர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் நின்றால் 100 லிட்டர். காற்றைக் கலந்து 6 லிட்டர் தரும் ஷவர் தலை மாட்டினால் அதே 10 நிமிடத்துக்கு 60 லிட்டர்தான். குளியலின் சுகமும் பெரிதாகக் குறையாது. சொட்டும் வெந்நீர்க் குழாயை இந்த வாரமே சரிசெய்யுங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஆண்டுக்குப் பல ஆயிரம் லிட்டர் சூடான தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஹீட்டர் கம்பியில் படியும் வெள்ளைப் படிவத்தை அவ்வப்போது நீக்க வேண்டும்.

ஹீட்டர் பழுதாகி மாற்றும் நிலை வந்தால் இரண்டு வழிகளை யோசித்துப் பாருங்கள். ஒன்று, மொட்டை மாடியில் வைக்கும் சூரிய வெந்நீர் அமைப்பு. இன்னொன்று, வெப்பப் பம்பு. இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஃப்ரிட்ஜைத் திருப்பி வைத்தது போல. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். விலை அதிகம்தான், ஆனால் வெந்நீர் நிறைய செலவாகும் பெரிய குடும்பத்துக்கு அது பொருத்தம்.

நான்காம் படி: அறையைக் குளிர்விப்பது

ஏசியைத் தொடும் முன் வெயிலைத் தடுங்கள். நேராக விழும் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். 2 சதுர மீட்டர் கண்ணாடி ஜன்னலில் வெயில் முழுதாகப் பட்டால், அறைக்குள் ஒரு கிலோவாட் ஹீட்டரைப் போட்டுவிட்டு எதிரே ஏசியையும் போட்டது போல. உள்ளே தொங்கும் திரை ஓரளவுதான் உதவும், ஏனென்றால் அது வெயிலைத் தடுக்கும்போது வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். தட்டி, வெளிச்சட்டம், கொடி, மரம், எதுவானாலும் சரி. மேல்தளத்தில் வசிப்பவர்கள் கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் மாலை நேரப் புழுக்கம் குறைவதை உணர்வார்கள். வெளியே உள்ளேவிடக் குளிராக இருக்கும் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே சூடேறத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். இதைப் பாட்டிமார்கள் சொல்லாமலே செய்வார்கள். நாம்தான் ஏசி வந்ததும் மறந்துபோனோம்.

அடுத்தது ஃபேன். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேன் தன் மோட்டார் சூட்டை அறைக்கே தருகிறது. பழைய மாதிரி கூரை ஃபேன் 70, 80 வாட் எடுக்கும். பிஎல்டிசி எனும் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளது ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும் என்பது இயற்பியல். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் கணக்குப்படி பாதிச் சக்திதான் வேண்டும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இதன் பலன் நன்றாகக் கிடைக்கும். பெரிய பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் மிச்சத்தைத் தானே சூடாக்கி வீணாக்கும்.

சரி, ஏசி. ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அப்படி இல்லை. ஏசி முதலில் தன் முழு வேகத்தில்தான் ஓடும், 24 வைத்தாலும் அதே வேகம்தான். 16 என்பது வேகத்தைச் சொல்லவில்லை, எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்கிறது. அறை 24-ஐத் தொட்ட பிறகும் அது நிறுத்தாமல் ஓடும், நீங்கள் போர்வையைத் தேடுவீர்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வெளி வெயில், வீட்டின் கட்டுமானத்தைப் பொறுத்து அது கூடும் குறையும். 25 அல்லது 26-இல் வைத்து மெதுவாக ஒரு ஃபேனையும் ஓடவிடுவதுதான் என் பழக்கம்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வெளியே இருக்கும் பெட்டிக்கு மூச்சு விட இடம் கொடுங்கள், அதைச் சுற்றிச் சாமான் அடுக்காதீர்கள். கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியை அடையுங்கள். அறைக்குப் பொருந்தாத பெரிய ஏசி வாங்க வேண்டாம். அது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரப்பதத்தை எடுக்க நேரம் கிடைக்காது. கடைசியில் குளிரும் பிசுபிசுப்புமாக ஒரு அறைதான் மிஞ்சும்.

ஏசிக்குள் இருக்கும் வாயு: பலர் கவனிக்காத கணக்கு

மின்சாரத்தை மட்டும் பார்த்தால் ஏசியின் பாதிக் கதைதான் தெரியும். உள்ளே சுற்றும் குளிரூட்டி வாயு வெளியே கசிந்தால், ஆர்-410ஏ என்ற வகை ஒரு கிலோவுக்கு 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலையைச் செய்யும், 100 ஆண்டுக் கணக்கில். ஆர்-32 என்றால் 675. புரொப்பேன், ஐசோபியூட்டேன் போன்றவற்றுக்கு ஒற்றை இலக்கம்தான். ஓர் ஏசிக்குள் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அது ஆர்-410ஏ ஆக இருந்து முழுதாகக் கசிந்தால், நிலக்கரி மின்சாரத்தில் 2,500 யூனிட் எரித்ததற்குச் சமம். நீங்கள் ஆண்டுக்கணக்கில் 26-இல் வைத்துச் சேமித்ததெல்லாம் ஒரே மதியத்தில் போய்விடும். ஓசோன் படலத்துக்காக 1987-இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தில், 2016-இல் கிகாலியில் ஒரு திருத்தம் சேர்த்து இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டது இதனால்தான்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? "கேஸ் குறைஞ்சிருக்கு, நிரப்பிடலாம்" என்று மெக்கானிக் சொன்னால், "எங்கே கசியுது?" என்று திருப்பிக் கேளுங்கள். ஏசி வாயு பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த ஆண்டும் அதே செலவு, அதே மாசு. வீடு மாறும்போது ஏசியைக் கழற்றினால், வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்த பிறகே குழாயைப் பிரிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சில நிமிடம்தான் ஆகும். பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் ஏசியைக் கழற்றியபோது நான் உள்ளே டீ போடப் போனேன், திரும்பி வருவதற்குள் "ஸ்ஸ்" என்ற சத்தம் முடிந்திருந்தது.

குளிர் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு

உங்களுக்கு நான்காம் படி அப்படியே தலைகீழ். முதலில் காற்று நுழையும் சந்துகளை அடையுங்கள். காற்று வீசும் நாளில் கையை நனைத்துக்கொண்டு ஜன்னல் சட்டம், கதவு ஓரங்களில் வைத்துப் பார்த்தால் எங்கே சில்லிடுகிறதோ அங்கே ஓட்டை. அடுத்தது கூரைக்கு அடியில் வெப்பம் வெளியேறாதபடி காப்பிடுதல். சூடான காற்று மேலே போகும் என்பதால் செலவுக்கு நல்ல பலன் அங்கே கிடைக்கும். பகலில் வெயில் வரும் ஜன்னல் திரையைத் திறந்து, இருட்டியதும் கனமான திரையை இழுத்துவிடுங்கள். ஆனால் கேஸ் அல்லது விறகு எரிக்கும் அடுப்பு, ஹீட்டர் உள்ள அறையில் காற்றுத் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் அதைக் கண்டறியும் அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஃப்ரிட்ஜ்

ஆண்டில் 8,760 மணி நேரமும் பிளக்கில் இருக்கும் சாதனம் இது. உள்ளே 3 முதல் 5 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி போதும். கதவின் ரப்பரைச் சோதிக்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டைப் பின்பக்கமோ பக்கவாட்டிலோதான் அது வெளியே விடுகிறது. சுவரோடு ஒட்டி வைத்தாலோ அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலோ அந்தச் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். சூடான பாத்திரத்தை ஆறவிட்டு வையுங்கள், ஆனால் சமைத்ததை மணிக்கணக்கில் வெளியே விடாதீர்கள்.

"நல்லாத்தானே ஓடுது" என்று வைத்திருக்கும் இரண்டாவது பழைய ஃப்ரிட்ஜ்தான் உண்மையான திருடன். அது நாளுக்கு 2 யூனிட் எடுத்தால் ஆண்டுக்கு 730 யூனிட், உள்ளே இருப்பதோ நான்கு பாட்டில் தண்ணீர். அதை நிறுத்துவதென்றால் பழைய இரும்புக் கடையில் தூக்கிப் போடாமல், வாயுவை முறையாக எடுக்கும் இடத்தில் கொடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

ஆறாம் படி: அடுப்பங்கரை

கொதி வந்த பிறகும் தீயைப் பெரிதாக வைத்திருப்பதுதான் சமையலறையின் பெரிய வீண்செலவு. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் அதன் வெப்பநிலை 100 டிகிரியிலேயே நின்றுவிடும். தீயைக் கூட்டினால் வேகம் கூடாது, ஆவிதான் கூடும். அந்த ஆவிக்கு ஆகும் செலவைப் பாருங்கள்: ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 0.09 யூனிட் அளவு வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை முழுதும் ஆவியாக்க 0.63 யூனிட், ஏழு மடங்கு! ஆக, மூடியைப் போடுங்கள், கொதித்ததும் தணலைக் குறையுங்கள். பிரஷர் குக்கரில் அழுத்தத்தால் கொதிநிலை 120 டிகிரி வரை போவதால் சீக்கிரம் வெந்துவிடும், ஆவியும் உள்ளேயே இருக்கும். விசில் வந்த பிறகு தீயைச் சிறிதாக்கினாலும் உள்ளே வெப்பநிலை குறையாது.

கேஸா, இண்டக்‌ஷனா? இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு கிலோவிலிருந்து எப்படி மூன்று கிலோ என்றால், காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனின் எடைதான். கேஸ் அடுப்பின் சூட்டில் பாதி அளவே பாத்திரத்துக்குள் போகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை போகும். அடுப்படியில் எரிப்பதால் வரும் உமிழ்வை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு யூனிட் மின்சாரத்தின் உமிழ்வு 400 கிராமுக்குக் கீழே இருந்தால் இண்டக்‌ஷன் ஜெயிக்கிறது. முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் இப்போதைக்குக் கேஸ்தான் குறைந்த உமிழ்வு. ஆனால் மின்சாரம் ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகலாம், கேஸ் அப்படி ஆகாது. தவிர, கேஸ் சுடரிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலுக்கு ஆகாது, இண்டக்‌ஷனில் அந்தத் தொல்லை இல்லை. கேஸிலேயே இருப்பவர்கள் சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள், நீலமாக எரிவதுதான் சரி.

ஏழாம் படி: துவைப்பது, உலர்த்துவது

வாஷிங் மெஷினில் மோட்டாரைவிட வெந்நீருக்குத்தான் மின்சாரம் அதிகம். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற மட்டும் 0.7 யூனிட். தினப்படி துணிக்குப் பச்சைத் தண்ணீர் போதும். நோயாளியின் துணி, கைக்குழந்தையின் துணிக்கு மட்டும் வெந்நீரை வைத்துக்கொள்ளுங்கள். டிரையர் இருந்தால், முன்பு சொன்ன ஆவியாக்கும் கணக்கை நினைவில் வையுங்கள். வெப்பப் பம்பு இல்லாத சாதாரண டிரையரில், துணியில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் குறைந்தது 0.63 யூனிட். வேகமாகச் சுற்றிப் பிழிந்தால் அதில் பாதியை மலிவாகக் கழற்றிவிடலாம். கொடியில் காயப்போட்டால் மீதியும் இலவசம்.

எட்டாம் படி: விளக்கும் சிவப்புப் புள்ளிகளும்

விளக்கைப் பற்றிப் பேச அதிகமில்லை, வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. நாளுக்கு 5 மணி நேரம் எரியும் ஒரு பல்பை மாற்றினால் ஆண்டுக்கு 93 யூனிட் மிச்சம். வெள்ளை எல்இடியைச் சாத்தியமாக்கிய நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. "எல்இடிதானே" என்று பத்து விளக்கை விடிய விடிய எரியவிட்டால் லாபம் கைநழுவும். எஞ்சின்கள் திறமையாக ஆக ஆக நிலக்கரிச் செலவு குறையாமல் கூடுகிறதே என்று ஜெவோன்ஸ் என்ற பொருளியலாளர் 1865-லேயே கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

அணைத்த பிறகும் சிவப்புப் புள்ளியோடு விழித்திருக்கும் சாதனங்களுக்கு ஒரு சுலபக் கணக்கு: எந்நேரமும் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 யூனிட். இப்போதைய டிவிகள் காத்திருக்கும்போது ஒரு வாட் அளவோடு நிற்கின்றன. பழைய செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் பெட்டி, பிரிண்டர் ஆகியவற்றைத்தான் அளந்து பார்க்க வேண்டும். 10 வாட் இழுத்தால் 88 யூனிட். இவை எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, இரவில் ஒரே சுவிட்சில் அணைத்துவிடலாம்.

பிளக்கில் செருகினால் பில்லைப் பாதியாக்கும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு கெபாசிட்டரும் ஒரு எல்இடியும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் நீங்கள் உண்மையில் எரிக்கும் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, அந்தப் பெட்டியால் அதைக் குறைக்க முடியாது.

ஒன்பதாம் படி: குப்பை

மின்சாரத்தோடு நின்றுவிட்டால் வீட்டின் உமிழ்வில் ஒரு பகுதி தப்பிவிடும். மிச்சமான உணவு குப்பைமேட்டில் காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஃப்ரிட்ஜின் முன்வரிசையில் பழையதை வைத்து முதலில் அதைத் தீர்ப்பதுதான் எளிய தீர்வு. தவிர்க்க முடியாத தோல், தொலிகளைக் காய்ந்த இலையோடு கலந்து, துளை போட்ட தொட்டியில் வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் காற்றோட்டத்தோடு மக்கி உரமாகும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சருகைப் போடுங்கள்.

பத்தாம் படி: புதிது வாங்குவதும் சூரியத் தகடும்

ஓடுகிற சாதனத்தை எப்போது மாற்றுவது? தினமும் பல மணி நேரம் ஓடுவதை, அதாவது ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசி போன்றவற்றை, சீக்கிரம் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. வாரம் ஒருமுறை தொடுவதைப் பழுதாகும் வரை வைத்திருங்கள், புதியதைச் செய்யவும் ஆற்றல் செலவாகிறது. கடையில் மின் சிக்கனத் தரத்தைக் காட்டும் நட்சத்திரங்களையோ எழுத்துக்களையோ மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நட்சத்திரம் அதிகமுள்ள பெரிய ஃப்ரிட்ஜ், நட்சத்திரம் குறைந்த சிறியதைவிட அதிகம் எடுக்கலாம்.

கூரையில் சூரியத் தகடு போடும் ஆசை இருந்தால், இதுவரை சொன்னதையெல்லாம் முடித்துவிட்டுப் போடுங்கள். தேவை குறைந்தால் சிறிய அமைப்பே போதும். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். தொட்டி, மரக்கிளை, பக்கத்து வீட்டுச் சுவர் ஆகியவற்றின் நிழல் விழாமல் பாருங்கள். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடக்கூடும். தூசியைக் காலையில், தகடு சூடேறும் முன் கழுவுங்கள்.

மறுபடி மீட்டர்

ஒரு மாதம் கழித்து முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் பருவம் மாறியிருக்கும், கணக்குத் தப்பும். போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். இரவு அளவு மட்டும் பருவத்தால் அவ்வளவாக மாறாது, ஏசியும் ஹீட்டரும் ஓடாத இரவாகப் பார்த்து எடுத்தால். அது குறையவில்லை என்றால் எங்கோ ஒன்று இன்னும் விழித்திருக்கிறது.

எங்கள் வீட்டு ஹீட்டருக்கு இப்போது டைமர் இருக்கிறது. போன் சார்ஜர் பிளக்கிலேயே தொங்குகிறது, யாரும் திட்டுவதில்லை.